முன் சக்கரத்து வெள்ளை எழுத்து

பூனை, உன் லாரி இன்றைக்குக் காலையில் போய்விட்டது. உன் லாரிக் கூட்டாளி ஆ ஹோக் வந்து எடுத்துக்கொண்டு போனார். அப்பாவும் நானும் கீழே கார் பார்க்கில் நின்று, அது ரேஸ்கோர்ஸ் ரோடு பக்கம் திரும்புகிற வரைக்கும் பார்த்தோம். அப்புறம் அவர் கோயிலுக்குப் போய்ட்டு வர்றேன் என்று நடந்துவிட்டார். நான் மேலே வந்து வாளியைக் கவிழ்த்து வைத்து, உன் பழைய பல் பிரஷ்ஷைக் கழுவி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். பல் விளக்குகிற இடத்திலும் வைக்க முடியாது, குப்பையிலும் போட முடியாது. கடைசியில் இந்த மேசை மேல் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. என் எழுத்து கோணலாகத்தான் வரும், நீயே பார்த்துச் சிரித்திருக்கிறாய். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அப்பாவிடம் சொல்ல முடியாது. வெளியில் யாரிடம் சொன்னாலும் அது அப்பா காதுக்கு வந்துவிடும். உன்னிடம்தான் சொல்லலாம். உனக்கு அது ஏற்கெனவே தெரியும்.

நீ போனதிலிருந்து அப்பா ஒரே ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் சோறு சாப்பிடுகிறார். யார் துக்கம் கேட்க வந்தாலும் அதையே சொல்லுவார். "ராத்திரி சரியா தூங்கலை. களைப்பா இருந்திருக்கு. ஓரமா நிறுத்திட்டுக் கண்ணசந்திருக்கான், அப்படியே நெஞ்சு நின்னு போச்சு. டாக்டரே சொன்னாரு, தூக்கத்திலே போனா ஒண்ணும் தெரியாதுன்னு. வலி இல்லாம போயிட்டான் என் பிள்ளை." வந்தவர்களும் தலையை ஆட்டி, ஆமாம், அது ஒரு கொடுப்பினை என்பார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். அந்தப் பேச்சு பழைய போர்வை மாதிரி. அதில் அப்பா ஒரு முனை, நான் ஒரு முனை என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு இத்தனை நாள் கிடந்தோம். நேற்று நான் மட்டும் அதிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

உனக்குப் பூனை என்று பேர் வைத்தது அப்பாதான். நீ பிறந்தபோது அழவில்லை. நர்ஸ் காலைப் பிடித்துத் தட்டினாள். வார்டில் மற்ற பிள்ளைகள் கூரை பிய்கிற மாதிரி கத்திக்கொண்டிருக்க, நீ தொண்டைக்குள்ளேயே ஒரு முனகல் முனகினாய், அவ்வளவுதான். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இது, பூனைக்குட்டியைப் பெத்து வச்சிருக்கே" என்றார். வளர்ந்த பிறகும் அப்படித்தான். வீட்டுக்குள் வந்தால் சத்தம் இருக்காது, திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பாய். பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்து கையை உடைத்துக்கொண்டு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வந்து பேசாமல் உட்கார்ந்தாய், நான் சோறு போட்டேன், இடது கையால் அள்ளிச் சாப்பிட்டாய். எனக்கு வந்த கோபத்தில், "பீச்சாங்கையாலே சாப்பிடறான் பாரு, யாருகிட்ட கத்துக்கிட்டே இதை" என்று முதுகில் ஒன்று வைத்தேன். நீ அதையும் வாங்கிக்கொண்டு அடுத்த வாயை அள்ளினாய். அப்பா வேலை முடிந்து வந்துதான் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தார், வீங்கிக் கிடந்தது. ஊரெல்லாம் நான் என்ன சொல்லிக்கொண்டு திரிந்தேன்? "என் பிள்ளை அழவே மாட்டான், கையே உடைஞ்சும் கண்ணிலே தண்ணி வரலை" என்று. ஏதோ பரிசு வாங்கின மாதிரி. நீ பக்கத்தில் நின்று அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாய்.

லாரி வாங்கினபோது அதற்குச் சாதாரண கறுப்பு டயர்தான். ஏர்போர்ட் சாங்கிக்குப் போன பிறகு உனக்கு கார்கோ வேலை கூடியது. மல்லிகை, வெற்றிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை என்று விமானத்தில் வந்து இறங்குகிறதை விடியும்போது ஏற்றி, தேக்கா மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து, சிராங்கூன் ரோட்டில் கடை கடையாகப் போடுவாய். ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்து, "ம்மா, கீழே வந்து பாரேன்" என்றாய். ஏதோ புது லாரி என்று நினைத்து வந்தேன். அதே லாரிதான், டயர் மட்டும் மாறியிருந்தது. கன்னங்கரேல் என்ற டயரில் பால் வெள்ளையில் பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்து, சுற்றிவர. "டயருக்கு எதுக்குடா பேரு, அது என்ன பள்ளிக்கூடத்துக்கா போவுது?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. வளையல் மாதிரி ஒன்று, பாம்பு மாதிரி ஒன்று, பந்தல் கால் மாதிரி ஒன்று, சீப்பு மாதிரி ஒன்று. நான் அப்படியே பேர் வைத்துவிட்டேன். நீயும் என்னோடு பேசும்போது அதே பேரைத்தான் சொல்லுவாய். "ம்மா, பாம்புலே சேறு அப்பியிருக்கு", "ம்மா, சீப்பை இன்னும் கொஞ்சம் தேய்."

நான் தேய்க்க ஆரம்பித்த கதையைச் சொன்னால் இப்போதும் மக்சிக் சிரிக்கும், அதுதான் மூன்றாவது மாடி மலாய்க்கார அம்மா. ஆயுத பூசைக்கு லாரியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். கண்ணாடிக்குச் சந்தனம் வைத்தாய். நான் சக்கரத்துக்கும் வைக்க வேண்டாமா, ஓடுகிறது அதுதானே என்று, மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு வெள்ளை எழுத்து மேலும் வாசற்படிக்குப் பூசுகிற மாதிரி பூசி, நடுவில் பொட்டும் வைத்துவிட்டேன். கறுப்பு ரப்பரில் வைத்தால் மஞ்சள் எடுக்காதே, வெள்ளையில்தானே எடுப்பாக இருக்கும் என்று எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம். நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். மறுநாள் சோப்புத் தூளைப் போட்டுத் தேய்த்தாய். மஞ்சள் அத்தனையும் ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. நாலு சக்கரமும் யாரையோ ஏற்றிக் கொன்றுவிட்டு வந்த மாதிரி நின்றது. மஞ்சளும் காரமும் சேர்ந்தால் சிவக்கும், அப்படித்தானே குங்குமம் செய்கிறார்கள், அது எனக்குத் தெரியாதா? தெரியும். கை போகிறபோது புத்தி கூடப் போகவில்லை. நான் பயந்து எலுமிச்சம்பழத்தை வெட்டிக்கொண்டு வந்து தேய்த்தேன், திரும்ப மஞ்சளானது. சோப்பு போட்டால் சிவப்பு, எலுமிச்சை போட்டால் மஞ்சள். மக்சிக் மாடியில் இருந்து எட்டிப் பார்த்து, "என்னா அக்கா, டிராபிக் லைட்டா? பச்சை எப்ப வரும்?" என்று கேட்டது. நீ சிரித்தாயே தவிர ஒரு வார்த்தை திட்டவில்லை. "விடும்மா, வெயிலு பார்த்துக்கும்லா" என்றாய். அதுமாதிரியே சில நாளில் வெயில் அதைக் குடித்துவிட்டது. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. நீ மத்தியானம் தூங்குகிற நேரத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடுவேன்.

அப்புறம் நீயே உட்கார்ந்து காட்டிக் கொடுத்தாய். முதலில் டயரை நன்றாக நனைக்க வேண்டும், காய்ந்த ரப்பரில் கை வைக்கக் கூடாது. சோப்புத் தூளைத் தூவி, எழுத்துக்கு மேலே மட்டும் பழைய பல் பிரஷ்ஷால் சின்னச் சின்ன வட்டமாகப் போக வேண்டும். பழுப்பு ஏறியிருந்தால் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். கல்லில் பட்டுக் கீறியிருந்தால், பொடி உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாக. தின்னர், மண்ணெண்ணெய் கிட்டவே கொண்டு வரக் கூடாது. கழுவினவுடன் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுப்பு வடிந்து வெள்ளையில் இறங்கும். "இவ்வளவு பாடு எதுக்குடா, ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்டை எடுத்துத் தீட்டிட்டா ஆச்சு" என்றேன். "அது லிப்ஸ்டிக்குமா. ரெண்டு நாள் ஓடினா வெடிச்சுக் கொட்டிடும். இதுலே வெள்ளை ரப்பரு உள்ளேயே இருக்கு. மேலே இருக்கற அழுக்கை எடுத்தா அதுவா வரும். உள்ளேயும் இல்லேன்னா விட்டுடணும்." நீ அவ்வளவு நீளமாகப் பேசுகிறது டயரைப் பற்றித்தான். அதற்காகவே நான் தெரிந்ததையும் தெரியாத மாதிரி கேட்பேன்.

வண்டியை நிறுத்தும்போதும் உனக்கு ஒரு முறை இருந்தது. நடைபாதை ஓரக்கல்லுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு கை போகிற இடம் இருக்க வேண்டும். எவ்வளவு அவசரத்தில் வந்தாலும் இறங்கி, குனிந்து, கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாய். பொண்ணு பார்க்க அங் மோ கியோ போனோமே, அன்றைக்கும் அப்படித்தான். அப்பா வேட்டியும் துண்டுமாக, நான் தாம்பாளத்தில் பழமும் பூவுமாக லிஃப்ட் கிட்ட நிற்கிறோம், மாப்பிள்ளையைக் காணோம். நீ துணியை எடுத்துக் குந்தி உட்கார்ந்து டயரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாய், வெள்ளைச் சட்டையில் முழங்கை வரை கறுப்பு. மேலே போய் உட்கார்ந்ததும் பெண்ணின் அம்மா காப்பியை நீட்டிக்கொண்டே, "மாப்பிள்ளையைவிட வண்டி டயரு பளிச்சுன்னு இருக்கே, நாங்க எதைப் பார்த்துச் சம்மதம் சொல்றது?" என்று கேட்டாள். நீ முகத்தைக் குனிந்துகொண்டாய். உள்ளே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது, அந்தப் பெண்தான். நான் அன்றைக்கு முடிவு பண்ணிவிட்டேன், இவள்தான் என்று. சிரிக்கத் தெரிந்த ஒருத்தி வேண்டும் உனக்கு, நீ பேசாததற்கும் சேர்த்துப் பேசுகிறவள். தை பிறக்கட்டும் என்று சொல்லி வைத்தோம். அவள் வீட்டில் இருந்து துக்கத்துக்கு வந்தார்கள். அவள் வரவில்லை. வர வேண்டாம் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். இருபத்திரண்டு வயசுப் பெண் எதற்கு அதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதுதான் முக்கியம். ஆ ஹோக் கதை. கார்கோ கேட்டில் உன்னோடு நிற்கிற லாரிக்காரர், நான் உன்னைக் கூப்பிடுகிறதைக் கேட்டுவிட்டு அவரும் பூனையை மலாயில் ஆக்கி "கூச்சிங், கூச்சிங்" என்று கூப்பிட ஆரம்பித்தவர். ஒருநாள் அவர் லாரி நம் கார் பார்க்கில் நின்றது. நீ என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் அதன் முன் சக்கரத்தைக் காட்டினாய். "ம்மா, இது எப்படி ஆச்சு, சொல்லு பார்ப்போம்?" டயரில் எல்லா எழுத்தும், சுற்றிவர, ஒரே மட்டத்தில் தேய்ந்து போயிருந்தது, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. "கல்லுலே இடிச்சிருப்பாரு" என்றேன். "இடிச்சா ஒரு எழுத்துலே மட்டும் வெட்டு விழும். தூங்கி வழிஞ்சா கல்லு மேலே ஏறிடும், டயரு கிழிஞ்சுடும். இது பாரு, ஒரே நேரா இருக்கு. ஏத்தம் இறக்கம் இல்லை. நேத்து அவருக்குப் பிரேக்கு போச்சு. முன்னாலே ஆளுங்க. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சு, டயரைக் கல்லோட ஒட்டவச்சு உரசி உரசியே நிறுத்தியிருக்காரு. கல்லையே பிரேக்கா வச்சுட்டாரும்மா." ஆ ஹோக் பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டு, "டயரு போச்சு, எழுத்து போச்சு, ஆளு போகலை, பரவாயில்லைலா" என்றார். நீ அந்த டயரை ஏதோ சாமி சிலையைத் தொடுகிற மாதிரி விரலால் தொட்டுப் பார்த்தாய். எனக்கு அப்போது அது ஒரு லாரிக்காரக் கதை, அவ்வளவுதான். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று மேலே வந்துவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் நடந்தது எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நீ சாங்கியில் சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறாய். கேலாங் தாண்டி, ஒரு பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால், ஓரமாக லாரி நின்றிருக்கிறது. வெகுநேரம் நிற்கிறதே என்று யாரோ கண்ணாடியைத் தட்டியிருக்கிறார்கள். நீ ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்திருந்தாயாம், தூங்குகிற மாதிரி. பின்னால் வந்த ஆ ஹோக் உன் லாரியைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். ஆம்புலன்ஸில் உன்னோடு போனதும் அவர்தான். சரக்கைக் கடைகளில் இறக்கிவிட்டு, லாரியைக் கொண்டுவந்து நம் கார் பார்க்கில் விட்டதும் அவர்தான். பிரேக் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்று அப்பாவிடம் சொன்னார். நீ ஏற்றி வந்த மல்லிகையில்தான் மறுநாள் உனக்கு மாலை கட்டினார்கள்.

அப்புறம் லாரி அங்கேயே நின்றது. ஆ ஹோக் அதைக் கடைசி இடத்தில், சுவரோரமாக, இடது பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தார். இடையில் ஓர் ஆள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு உட்காரத்தான் இடம் இருந்தது. வேப்ப இலையும் தூசியும் அதன் மேல் விழுந்துகொண்டே இருந்தது. நான் துணி காயப் போட ஜன்னலுக்குப் போனாலே அது தெரியும், அதனால் துணியைச் சமையலறைக்குள்ளேயே காயப் போட்டேன். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். ஆ ஹோக் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றார், நான் சரி என்றேன். வேறு யாரோ முகம் தெரியாதவன் வந்து உன் சீட்டில் உட்காருவதைவிட, உன்னைக் கூச்சிங் என்று கூப்பிட்டவர் உட்காரட்டும். அப்பா ஒன்று மட்டும் சொன்னார். "பிள்ளை அழுக்கா வச்சதே இல்லை. அழுக்கா கொடுக்க வேண்டாம். உனக்குத்தானே அதைத் தேய்க்கத் தெரியும்."

நேற்று மத்தியானம் வாளியோடு கீழே போனேன். வலது பக்கம் இரண்டு சக்கரமும் வெறும் தூசிதான். நனைத்துத் தேய்த்ததும் வளையல், பாம்பு, பந்தல் கால், சீப்பு எல்லாம் கண்ணைத் திறந்த மாதிரி வந்தன. இடது பின் சக்கரத்துக்குச் சுவரோரமாகப் புகுந்து உட்கார்ந்தேன், அதுவும் வந்துவிட்டது. கடைசியாக இடது முன் சக்கரம், நீ உட்காருகிறதற்கு எதிர்ப்பக்கம். தண்ணீரை ஊற்றினேன். வெள்ளை வரவில்லை. சாம்பலாக, கறுப்பாக, எழுத்தெல்லாம் செதில் செதிலாக இருந்தது. ஏதோ ஓரிடத்தில் கல்லில் பட்டிருக்கிறது என்று நினைத்து, நல்ல எழுத்தாகப் பார்த்து ஆரம்பிக்கலாம் என்று துணியால் துடைத்துக்கொண்டே போனேன். சுற்றிப் போனேன். நல்ல எழுத்து ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் ஒரே கோடு, ஒரே மட்டம், ஏற்றம் இறக்கம் இல்லை. சீப்புக்குப் பல்லெல்லாம் போய் வெறும் முதுகு மட்டும் இருந்தது.

நீ எனக்குச் சொல்லிக் கொடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு அது வெறும் கீறல், பூனை. ஓரக்கல்லுக்கு ஒரு கை தள்ளி நிறுத்துகிற பிள்ளை நீ. நீ தூங்குவதற்காக ஓரம் கட்டியிருந்தால் இந்த டயர் கல்லைத் தொட்டிருக்காது. ஓட்டும்போதே தூங்கியிருந்தால் லாரி கல் மேல் ஏறிப் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் மேல் போயிருக்கும். பிரேக் நன்றாக இருந்தது. உன் கால்தான் அதை மிதிக்கவில்லை. நெஞ்சு பிடித்துக் கால் வராமல் போனபோது, கை மட்டும் இருந்தபோது, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, டயரைக் கல்லோடு ஒட்டவைத்து, உனக்குப் பிடித்த ஒவ்வொரு எழுத்தையும் தேயவிட்டு, லாரியை நிறுத்தியிருக்கிறாய். நீ தூங்கவில்லை. உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் அந்த ஈரத்தில் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கையில் சோப்பு நுரை காய்ந்து இழுத்தது. யாரோ கார் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். ஒருத்தருக்கும் நான் அங்கே இருக்கிறது தெரியாது.

அப்போதுதான் அப்பா செருப்புச் சத்தம் கேட்டது. லாரிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "இந்தா, காப்பி போட்டு வச்சிருக்கேன். எல்லாம் ஆச்சா?" என்று கேட்டார். அவர் காப்பி போட்டுக் கொடுப்பது நம் வீட்டில் எவ்வளவு அதிசயம் என்று உனக்குத் தெரியும். அவர் குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது. ஏதோ ஒரு காரியம் முடியப் போகிறதே என்கிற தெம்பு. நான் வாயைத் திறந்தேன், பூனை. "என்னங்க, இங்க வந்து பாருங்க" என்று சொல்ல வந்தேன். நம் பிள்ளை எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறான் பாருங்க என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் அதைச் சொன்னால் இன்னொன்றையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும். வலியில்லாமல் போனான் என்பதைப் பிடுங்கிக்கொண்டுதானே அதைக் கொடுக்க முடியும். அவருக்கு எது பெரிசு? ஒரு நாள் முழுக்க யோசித்தாலும் எனக்குத் தெரியாது. "இன்னும் ஒண்ணு பாக்கி. நீங்க போங்க, வர்றேன்" என்றேன்.

அவர் போன பிறகு உப்புத்தாளை நனைத்து எடுத்தேன். நீ சொன்ன மாதிரியே, மெதுவாக, வட்டம் வட்டமாக. செதில் போய் உள்ளே இருந்து வெள்ளை வந்தது. வளையல் வந்தது. பாம்பு வந்தது. பந்தல் கால் கொஞ்சம் மெலிந்து வந்தது. கறுப்புத் தண்ணீர் என் காலைச் சுற்றி ஓடிச் சாக்கடைக்குப் போனது. நீ இந்த உலகத்தில் கடைசியாகச் செய்த வேலையை நான் உட்கார்ந்து தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். அதை நீ எனக்குக் கற்றுக் கொடுத்த கையாலேயே செய்தேன். சீப்பு மட்டும் வரவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் கறுப்புதான். ஜன்னல் கம்பிக்கு அடித்த வெள்ளைப் பெயின்ட் மேலே ஒரு டப்பாவில் மிச்சம் இருக்கிறது, ஒரு நிமிஷம் அதை நினைத்தேன். அப்புறம் லிப்ஸ்டிக் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. உள்ளேயும் இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் ஆ ஹோக் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சாவியை அப்பா கையாலேயே வாங்கிக்கொண்டார். லாரியைச் சுவரில் இருந்து வெளியே எடுத்து நிறுத்தினதும் அப்பா சுற்றிவந்து பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? இடது முன் சக்கரத்தில் குனிந்து, "இந்த ஒரு எழுத்து என்ன ஆச்சு? பாதியைக் காணோமே" என்றார். ஆ ஹோக் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிகரெட்டைத் தேடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அன்றைக்கு அவர் ஏன் லாரியை அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்தினார் என்று. அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. நான் அப்பாவிடம், "நான்தான் அழுத்தித் தேய்ச்சுட்டேன். அவன் சொல்லுவான், மெதுவா மெதுவான்னு. என் கைக்கு எங்க தெரியுது" என்றேன். ஆ ஹோக் உடனே, "பழைய டயருலா, அண்ணே. என்னுதுலேயும் இப்படித்தான் போச்சு. அக்கா மேலே தப்பு இல்லை" என்றார். அப்பா, "மஞ்சள் பூசினவதானே இவ" என்று சொல்லி, நீ போன பிறகு முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆ ஹோக் என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் பார்த்தேன். அவ்வளவுதான் பேச்சு. அவர் ஏறி உட்கார்ந்து, ஓரக்கல்லுக்கு ஒரு கை தள்ளியே ஓட்டிக்கொண்டு போனார்.

அம்மா கடிதம் எழுதினால் புத்தி சொல்லாமல் முடிப்பாளா? உனக்கு எவ்வளவோ சொன்னேன். வெறும் வயிற்றில் போகாதே என்றேன், மழையில் நனையாதே என்றேன், பெண் வீட்டில் இரண்டாவது காப்பி கேட்காதே என்றேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். வலித்தால் சத்தம் போடு என்று ஒருநாளும் உனக்குச் சொன்னதில்லை. அழாத பிள்ளை என்று சொல்லிச் சொல்லி, அழுவதற்கு உனக்கு இருந்த இடத்தை நானே அடைத்துவிட்டேனோ என்று இருக்கிறது. இனிமேல் அப்பா அந்தப் பேச்சைச் சொல்லும்போதெல்லாம் நான் தலையை ஆட்டுவேன். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே, ஆமாம், தூக்கத்திலேயே போயிட்டான் என்பேன். அவர் பக்கத்தில்தான் இருப்பேன், ஆனால் இந்த வீட்டில் இனி நான் தனிதான். உன்னிடம் இருந்தாவது எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நீ கத்தினாய் என்றால் உனக்கு அவ்வளவு வலி என்று நெஞ்சு வெடிக்கும். கத்தவில்லை என்றால், அது நான் உனக்குக் கொடுத்த பழக்கம் என்று வெடிக்கும். இரண்டில் எதைக் கேட்க ஆசைப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த எழுத்தெல்லாம் கல்லில் உரசிப் போய்க்கொண்டிருந்தபோது, கண்ணாடியெல்லாம் ஏற்றி மூடியிருந்த அந்த லாரிக்குள், கேட்க ஒருத்தரும் இல்லாத இடத்தில், அப்போதாவது நீ வாய்விட்டு "அம்மா" என்று கத்தினாயா, பூனை?